சான்றுடல்: இந்திய உடற்பயிற்சி அறிவுரைப் பனுவல்களின் நூற்றாண்டு மாற்றம்

முன்னுரை

உடலைப் பேணுவது பற்றிய அறிவுரை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்கிறது. திருமந்திரம் உடலை இழிவென ஒதுக்காமல், இறைவன் உறையும் இடமெனக் கண்டு பேணச் சொல்கிறது. பாரதியின் 'புதிய ஆத்திசூடி' உடலின் உறுதியை அறங்களுள் ஒன்றாக வைக்கிறது. இம்மூன்றிலும் அறிவுரை கூறுபவரின் உடல் எப்படி இருந்தது என்னும் வினா எழுவதே இல்லை. வள்ளுவரின் மார்பளவை எவரும் கேட்டதில்லை. சொல்லின் மெய்ம்மைக்குச் சொல்லே சான்றாக நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பரவிய உடற்பயிற்சி நூல்கள் இந்த மரபிலிருந்து ஓர் இடத்தில் முற்றிலும் விலகுகின்றன. நூலாசிரியரே மேலாடையின்றித் தம் நூலின் பக்கங்களில் நிற்கிறார். தோளும் மார்பும் வயிறும் ஒளிப்படமாக அச்சேறுகின்றன. 'இம்முறையால் இவ்வுடல் விளைந்தது; உமக்கும் விளையும்' என்பது அப்படத்தின் பொருள். அறிவுரைக்குச் சான்றாக நிறுத்தப்படும் இவ்வுடலைச் 'சான்றுடல்' என இக்கட்டுரை அழைக்கிறது.

முன்னோர் உடல்நலத்திற்காகப் பயின்றனர், இன்றையோர் காட்சிக்காகப் பயில்கின்றனர் என்பது பரவலாக நிலவும் கருத்து. இக்கருத்து பாதியளவே உண்மை. காட்சியும் விற்பனையும் இந்த எழுத்துவகையின் பிறப்பிலேயே இருந்தன. உண்மையில் மாறியவை மூன்று: சான்றுடலுக்கும் அறிவுரைக்கும் இடையிலான தொலைவு, உணவு பற்றிய பேச்சு, அறிவுரை யாரை விளிக்கிறது என்பது. இம்மூன்றையும் இந்திய அளவில் சில பனுவல்களையும் உடல்களையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் காட்டும் வரலாறு

மாற்றத்தின் தடத்தை முதலில் சொற்களில் காணலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தேகாப்பியாசம்' என வழங்கியது, பின் 'தேகப்பயிற்சி'யாகித் தனித்தமிழ் உணர்வு பரவிய காலத்தில் 'உடற்பயிற்சி' என நிலைபெற்றது. இன்று இளைஞர் பேச்சில் அது 'ஒர்க் அவுட்' ஆகிவிட்டது. 'அப்பியாசம்' என்னும் சொல்லுக்குத் திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் என்பது பொருள். இசைக்கும் கல்விக்கும் யோகத்திற்கும் அச்சொல் பொதுவாக வழங்கியது. 'ஒர்க் அவுட்' உடலை மட்டுமே குறிக்கிறது. கற்றலின் உறவு அச்சொல்லில் இல்லை.

உடலாளனைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே மாறின. 'பயில்வான்' பாரசீகத்தின் 'பஹல்வான்' என்பதிலிருந்து வந்தது. மற்போர் புரிபவன், வலியவன் என அது செயலைச் சுட்டியது. உடற்கட்டுப் போட்டிகள் பரவியபோது தமிழ் அதற்கு ஆக்கிக்கொண்ட பெயர் 'ஆணழகன் போட்டி'. வலிமையைச் சொன்ன பெயர் அழகைச் சொல்லும் பெயராயிற்று. இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பது 'சாண்டோ' என்னும் சொல். அது ஒரு மனிதரின் பெயர்.

சாண்டோவின் வருகை

யூஜின் சாண்டோ (1867-1925) பிரஷியாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ்பெற்ற வலிமைக் கலைஞர். 1897இல் வெளிவந்த அவரது உடற்பயிற்சி நூல் ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலெல்லாம் விற்றது. 1904-05இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் அவர் பெயர் இந்திய மொழிகளுள் பொதுச்சொல்லாகப் புகுந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் கையில்லாப் பனியனுக்கு 'சாண்டோ' என்றே பெயர். தமிழில் அது பட்டமாயிற்று. கோவை வட்டாரத்தில் உடற்பயிற்சியில் பெயர்பெற்றுப் பின் திரைப்படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவர் (1915-1978) இறுதிவரை 'சாண்டோ' சின்னப்பா தேவராகவே அறியப்பட்டார்.

சாண்டோவின் நூல் முன்வைத்த அறிவுரை எளிமையானது. எடை குறைந்த டம்பெல்களை மனவொருமையுடன் நாள்தோறும் இயக்கினால் போதும் என்பது அதன் சாரம். ஆனால் அவருடைய உடல் அவ்வாறு மட்டும் உருவானதன்று. அட்டிலா என்னும் ஆசானிடம் அவர் மிகுந்த எடைகளைத் தூக்கிப் பயின்றவர். கிரேக்கச் சிலைகளைப் போல் வெண்பொடி பூசி ஒளியமைப்பின் நடுவே நின்று படமெடுத்துக் கொண்டவர். நூலோடு டம்பெல்லும் சுருள்வில் கருவியும் விற்றவர். எனவே சான்றுடலுக்கும் அறிவுரைக்கும் இடையிலான இடைவெளி இக்காலச் சீர்கேடன்று. இந்த எழுத்துவகை தோன்றியபோதே அவ்விடைவெளியும் உடன் தோன்றியது. பழங்காலத்தவர் பொய்யின்றி நலம் பேசினர் என்னும் ஏக்கத்திற்கு இங்கு இடமில்லை.

நாட்டின் உடல்

சாண்டோவை இந்தியா வெறும் வேடிக்கையாக வரவேற்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் எழுத்துக்கள் இந்தியரை, குறிப்பாக வங்காளியரை, வலிமையற்றவர் என நெடுங்காலம் எழுதி வந்தன. மெக்காலேயின் வங்காளியர் பற்றிய வருணனை அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அந்த இழிசொல்லுக்கு உடலால் விடையளிக்க வேண்டும் என்னும் உந்துதல் படித்த வகுப்பாரிடம் எழுந்தது. 1897இல் சென்னையில் ஆற்றிய உரையொன்றில் விவேகானந்தர், கீதையைப் பயில்வதைக் காட்டிலும் கால்பந்து ஆடுவது இளைஞரை வீட்டுலகிற்கு அருகில் கொண்டுசெல்லும் என்னும் கருத்தைத் துணிந்து சொன்னார். 1902இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதி உடற்பயிற்சிக் கூடமாகவும் புரட்சியாளர் பாசறையாகவும் இயங்கியது. 1914இல் அமராவதியில் அனுமான் வியாயாம பிரசாரக் மண்டல் உருவாயிற்று. ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின்மீது யானையை ஏற்றியும் சங்கிலியை அறுத்தும் காட்டியபோது, பார்வையாளர் கண்டது தனியொருவரின் வலிமையை மட்டுமன்று.

உடலை ஒழுங்குபடுத்தும் அறிவுரை யாவும் அதிகாரத்தின் கருவி எனக் கொள்ளும் பூக்கோ வழிப்பட்ட வாசிப்பு அண்மைக்காலத் தமிழாய்வில் செல்வாக்குப் பெற்றுள்ளது. பள்ளி அணிவகுப்பு, படைப்பயிற்சி ஆகியவற்றுக்கு அவ்வாசிப்பு பொருந்தும். ஆனால் இந்தியச் சூழலில் அது ஒரு பகுதியைத் தவறவிடுகிறது. இங்கு ஆளப்பட்டவர் தாமே விரும்பி ஒழுங்கை மேற்கொண்டனர். ஆண்டவர் கற்பித்த கருவியைக் கொண்டே ஆண்டவரை மறுக்க முயன்றனர். சாண்டோவின் டம்பெல்லும் அகாடாவின் கர்லாக்கட்டையும் ஒரே கூடத்தில் இடம்பெற்றமை இதனால்தான்.

இக்கலப்பின் சிறந்த சான்று அவுந்து சமஸ்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. சாண்டோ முறையைப் பல ஆண்டுகள் பின்பற்றிய பிறகே அவர் சூரிய நமஸ்காரத்தை வந்தடைந்தார். 1928இல் அதுபற்றி நூல் வெளியிட்டார், தம் நாட்டுப் பள்ளிகளில் அதைப் பயிற்றுவித்தார். பெண்களும் குழந்தைகளும் செய்யத்தக்க, கருவி எதுவும் வேண்டாத பயிற்சியாக அதை முன்வைத்தார். இன்று தொன்மையின் அடையாளமாக எண்ணப்படும் சூரிய நமஸ்கார இயக்கம், அதன் இன்றைய பரவலான வடிவில், நவீன உடற்பயிற்சி அலையின் உள்ளிருந்து எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் யோகத்தை ஆய்வுக்கூடச் சோதனைக்கு உட்படுத்தியதும் அதே காலத்தின் போக்கே.

அஞ்சல்வழி ஆசான்

இந்த அலையின் முழுமையான பனுவலாசிரியர் என பெங்களூரின் கே.வி. ஐயரைச் (1897-1980) சொல்லலாம். உடற்பயிற்சிக் கூடம் நடத்தியதோடு 1930களில் ஆங்கிலத்தில் தொடர்ந்து நூல்கள் எழுதினார். பளுப்பயிற்சியையும் ஹடயோகத்தையும் ஒன்றிணைத்தார். அஞ்சல்வழிப் பாடங்களையும் நடத்தினார். நாடகாசிரியர் டி.பி. கைலாசத்தின் நண்பரான இவர் கன்னடத்தில் 'சாந்தளா', 'ரூபதர்சி' ஆகிய புதினங்களின் ஆசிரியருமாவார். உடற்பயிற்சி நூலையும் இலக்கியத்தையும் ஒரே கை எழுதியிருப்பது இத்துறை ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. இவருடன் பெங்களூரில் இணைந்து செயல்பட்ட யோகாசாரியர் சுந்தரம், தசைவளர்ச்சியை விடுத்து ஆசனங்களை முதன்மைப்படுத்தி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார்.

ஐயரின் எழுத்தில் தன்னடக்கம் தேடினால் கிடைக்காது. தம் உடலின் அழகைத் தாமே வியந்து பேசுகிறார். அதை விளம்பரம் என ஒதுக்குவது எளிது. ஆயினும், வலிமையற்றவன் எனத் தூற்றப்பட்ட நாட்டினன் ஒருவன் தன் உடலை அழகென அறிவிப்பதில் ஓர் அரசியல் உண்டு. காட்சியும் தன்மதிப்பும் அங்கே பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

அஞ்சல்வழிப் பாடம் இவ்வெழுத்துவகையின் ஆழமான மாற்றத்தைக் காட்டுகிறது. அகாடாவில் நூல் இல்லை, ஆசான் உண்டு. அவர் மாணாக்கனின் உடலைக் கண்ணால் கண்டு, களைத்தபோது நிறுத்தி, வலிமை கூடியபோது தண்டாலையும் பஸ்கியையும் கூட்டுகிறார். அஞ்சல்வழி ஆசான் மாணாக்கனைக் கண்டதில்லை. எனவே அவருக்கு அளவு தேவைப்படுகிறது. கழுத்து, மார்பு, புயம், இடுப்பு, தொடை என உடல் எண்களாகப் பிரிகிறது. 'எப்படி இருக்கிறது' என்னும் வினா 'எத்தனை அங்குலம்' என்னும் வினாவாகிறது. கைப்பேசிச் செயலி நடையின் அடிகளை எண்ணிச் சொல்லும் இன்றைய பழக்கத்தின் வேர் இந்த அஞ்சலுறையில் இருக்கிறது.

வயிறு பற்றிய பேச்சும் இங்கு ஒப்பிடத்தக்கது. கல்கத்தாவில் 1923இல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய விஷ்ணு சரண் கோஷ், தசைக் கட்டுப்பாடு பற்றி 1930இல் கேசவ சந்திர சென்குப்தாவுடன் இணைந்து நூல் வெளியிட்டார். அம்மரபில் வயிற்றுத்தசை ஒரு வித்தை. மூச்சை வெளியேற்றி வயிற்றை உள்ளிழுத்து நடுத்தசையைத் தனியே திரட்டி இடமும் வலமும் உருட்டிக் காட்டுவர். ஹடயோகத்தின் நௌலி அதன் மூலம். 2007இல் ஷாருக் கான் 'ஓம் சாந்தி ஓம்' படத்திலும், தமிழில் தனுஷ் 'பொல்லாதவன்' படத்திலும், 2008இல் சூர்யா 'வாரணம் ஆயிரம்' படத்திலும் காட்டிய 'சிக்ஸ் பேக்' அசையாத வயிறு. தோலடிக் கொழுப்பு குறைந்ததால் புலப்படும் வரிகள் அதில் எண்ணப்படுகின்றன. இரண்டும் காட்சியே. முன்னதில் தசையை ஆளும் திறன் காட்சி, பின்னதில் தசை இருப்பதே காட்சி. காட்சி புதிதன்று, காட்டப்படுவது மாறியிருக்கிறது.

இரு மாற்றுடல்கள்

அதே காலத்தில் இந்தியப் பொதுவெளியில் சாண்டோ வழிவராத இரண்டு உடல்கள் நின்றன. ஒன்று மற்போர் வீரர் காமாவின் உடல். 1910இல் லண்டனில் ஸிபிஸ்கோவுடன் வெற்றி தோல்வியின்றிப் பொருதிய காமா, 1928இல் பாட்டியாலாவில் அதே ஸிபிஸ்கோவை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். அவ்வுடலில் பிரிந்து தெரியும் தசைக்கோடுகள் குறைவு. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பயின்ற தண்டாலும் பஸ்கியும், பாலும் நெய்யும் பாதாமும் உருவாக்கிய திரண்ட உடல் அது. அழகன் போட்டியில் அதற்கு இடமில்லை. மண்களத்தில் அதை வெல்ல ஆளில்லை.

மற்றொன்று காந்தியின் உடல். உடல்நலம் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் எழுதினார். ஆகாகான் மாளிகைச் சிறையில் 1942க்கும் 1944க்கும் இடையில் அதுபற்றித் தனிநூலே எழுதினார். நடையை அவர் முதன்மைப் பயிற்சியாகக் கொண்டார். உணவைக் குறைப்பது அவருக்கு அறமும் மருத்துவமும் ஆயிற்று. குடியேற்ற ஆட்சியின் இழிசொல்லுக்குப் பிறர் தசையால் விடையளித்தபோது, மெலிந்த உடலையே வலிமையின் வடிவாக நிறுத்தியவர் அவர். சான்றுடல் என்னும் கருத்தை அவரும் ஏற்கிறார். தம் சோதனைகளைத் தம் உடலில்தான் நடத்துகிறார். ஆனால் தோல்விகளையும் நோயையும் சேர்த்தே எழுதுகிறார். உடல்நல அறிவுரைப் பனுவல்களுள் இந்நேர்மை அரிது.

இவ்விரு உடல்களும் உணவு பற்றிய வினாவை முன்னிறுத்துகின்றன. காமாவின் நெய்க்கும் பாதாமுக்கும் பின்னால் சமஸ்தான அரசர்களின் ஆதரவு இருந்தது. ஆதரவு மறைந்தபின் அவர் 1960இல் லாகூரில் நோயும் வறுமையும் சூழ இறந்தார். உடற்கட்டு இயக்கம் செழித்த அதே கல்கத்தாவின் வீதிகளில் 1943இல் பஞ்சத்தால் மக்கள் விழுந்து மாண்டனர். அப்பஞ்சத்தில் வங்காளத்தில் இறந்தோர் தொகை 30 இலட்சம் அளவில் மதிப்பிடப்படுகிறது. உண்ண உண்டு என்பதை முன்நிபந்தனையாகக் கொண்டே உடற்பயிற்சி அறிவுரை தொடங்குகிறது. அந்நிபந்தனையை அது வெளிப்படச் சொல்வதில்லை.

சான்றின் முறிவு

விடுதலைக்குப் பின் வங்காளம் இரு உலக ஆணழகர்களைத் தந்தது. 1951இல் மனோதோஷ் ராயும் 1952இல் மனோகர் ஆய்ச்சும் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' போட்டியில் தத்தம் பிரிவில் வென்றனர். ஆய்ச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். வான்படையில் பணியாற்றியபோது ஆங்கிலேய அதிகாரியை அறைந்து சிறை சென்றவர். சிறையில் கருவியின்றியே பயின்றவர். விடுதலையானபின் சியால்தா நிலையத்தில் இளநீர் விற்றும் பிழைத்தவர். சோறும் பருப்பும் மீனும் பாலும் காய்கனியும் அவர் சொன்ன உணவு. 2016இல் அவர் இறந்தபோது வயது 104. அவருடைய உடலுக்கும் அவர் சொன்ன அறிவுரைக்கும் இடையில் படிப்பவர் தொட்டறியக்கூடிய உறவு இருந்தது.

1935இல் டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1958இல் 'டயனபால்' என்னும் ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு இவ்வகை மருந்துகளை 1975இல் தடைசெய்தது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் மேடை உடலின் அளவும் அடர்த்தியும் மாறிவிட்டன. பின்வந்த எந்தத் தனியுடலையும் ஐயுறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று; பயிற்சியும் பிறப்பியல்பும் மட்டும் உருவாக்கிய உடல்கள் இன்றும் உண்டு. ஆயினும் படிப்பவருக்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. மருந்தால் விளைந்ததையும் பயிற்சியால் விளைந்ததையும் ஒளிப்படம் ஒன்றுபோலவே காட்டுகிறது.

சாண்டோ எடைகளை மறைத்தார். அம்மறைப்பை நம்பி எளிய டம்பெல் சுழற்றியவருக்கு நேர்ந்த இழப்பு, எதிர்பார்த்த தோள் கிடைக்காமையே. அவர் ஓரளவு நலமும் பெற்றார். இன்று மறைக்கப்படுவது மருந்து. மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படக்கூடாத அம்மருந்தைத் தானே தேடிச்செல்லும் இளைஞனுக்கு நேரக்கூடியவை இதயம், கல்லீரல், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றின் கேடுகள். மறைப்பு பழையது, மறைப்பின் விலை புதியது. நூற்றாண்டு மாற்றத்தில் மிகுந்த கவலைக்குரிய கூறு இதுவே. இந்தியா 2022இல் ஊக்கமருந்து எதிர்ப்புச் சட்டம் இயற்றியது. அது போட்டி விளையாட்டை முன்னிறுத்தியது. போட்டி எதிலும் கலந்துகொள்ளாமல் கண்ணாடிக்கு முன் நிற்கும் இளைஞனைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் எழுத்தின்மீதே விழுகிறது.

உணவுப் பேச்சும் இதனோடு மாறிற்று. பழைய பனுவல் உணவுக்குப் பெயர் சொன்னது: பால், நெய், பாதாம், கடலை, கீரை. இன்றைய பனுவல் கூறுகளைச் சொல்கிறது: புரதம் இத்தனை கிராம், மாவுச்சத்து இத்தனை கிராம். பெயர் சொன்னபோது சமையலறையும் சமைத்தவரும் உடன் வந்தனர். கூறு சொல்லும்போது டப்பாவும் விலையும் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு, வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். 2024இல் அதன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், தசை வளர்க்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. பருப்புக்கும் மோருக்கும் அரசு நிறுவனமே மீண்டும் வாதாட வேண்டிய நிலை வந்திருப்பது, சந்தையின் மொழி எவ்வளவு ஆழ வேரூன்றியது என்பதற்குச் சான்று.

விளிக்கப்பட்டோரும் விடுபட்டோரும்

உடற்பயிற்சி நூல் யாரை 'நீ' என அழைக்கிறது? பெரும்பாலும் அமர்ந்து பணிபுரியும் ஆடவனை. எழுத்தர், மாணவர், வழக்கறிஞர் ஆகியோரே சென்ற நூற்றாண்டின் வாசகர். நாற்று நடுபவரும் மூட்டை தூக்குபவரும் அந்த 'நீ'யில் இல்லை. அவர்களின் உடல் பயிற்சி பெற்ற உடலாகவும் மதிக்கப்படவில்லை. உழைப்பால் இறுகிய தோள் எந்த நூலிலும் சான்றுடலாக நிறுத்தப்படாதது ஏன் என்பது எளிதில் விடையளிக்கத்தக்க வினா: அதனிடம் விற்க ஒன்றுமில்லை.

பெண்களின் விடுபடுதல் இன்னும் நீண்டது. அவுந்து மன்னரைப் போன்ற சிலர் நீங்கலாக, பெண்ணை விளித்தவர்கள் மெலிவையும் மகப்பேற்று நலத்தையுமே பேசினர். வலிமை பெண்ணுக்குரிய சொல்லாக அமையவில்லை. ஆயினும் உடல்கள் பனுவல்களை முந்திச் சென்றன. 1950களில் ஹமீதா பானு ஆடவரோடு மற்போர் புரிந்தார். விஷ்ணு சரண் கோஷின் மாணவி ரேபா ரக்ஷித் மார்பில் யானையை ஏற்றினார். 2000ஆம் ஆண்டு சிட்னியில் கர்ணம் மல்லேசுவரி 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கிய மீராபாய் சானு 2021இல் டோக்கியோவில் வெள்ளி பெற்றார். இவ்வுடல்களின் மதிப்பு தூக்கிய எடையில் இருக்கிறது. ஒளிப்படத்தின் பொய் நுழைய முடியாத சான்று அது. ஒருவகையில் 'பயில்வான்' என்னும் பழஞ்சொல்லின் பொருளுக்கு அவர்களே உரியவராகின்றனர்.

விடுதலை பெற்ற அரசும் அறிவுரையாளராக முயன்றது. 1956இல் உடற்கல்விக்கான தேசியத் திட்டம், 1957இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி, 1960களில் தேசிய உடல்தகுதிப் படை எனத் தொடர்ந்து, 2019இல் 'ஃபிட் இந்தியா' இயக்கம் வரை அம்முயற்சி நீள்கிறது. அரசின் அறிவுரையில் சான்றுடல் இல்லை. புள்ளிவிவரமே அதன் சான்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் இயல்புக்கு மீறி மெலிந்தவர் 2005-06இல் பெண்களில் 35.5 விழுக்காடு, ஆண்களில் 34.2 விழுக்காடு. 2019-21இல் அவை 18.7ஆகவும் 16.2ஆகவும் குறைந்தன. அதே இடைவெளியில் மிகை எடையும் பருமனும் உடையோர் பெண்களில் 12.6இலிருந்து 24.0 விழுக்காடாகவும், ஆண்களில் 9.3இலிருந்து 22.9 விழுக்காடாகவும் பெருகினர். நூற்றாண்டின் உண்மையான உடல்மாற்றம் மேடையில் நிகழவில்லை; இந்த அட்டவணையில் நிகழ்ந்திருக்கிறது. மெலிந்தவரும் பருத்தவரும் ஒரே நாட்டில், பல வேளைகளில் ஒரே தெருவில் வாழ்கின்றனர். 'எடையைக் குறை' என்னும் ஒற்றை அறிவுரை இவ்விருவரில் ஒருவரை எப்போதும் தவறாகவே விளிக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் இவ்வகையில் கருதத்தக்கவை. வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், குறைந்தது இரு நாள் தசைவலுப் பயிற்சியும் அவை வேண்டுகின்றன. 2010இல் இருந்த 'தொடர்ந்து பத்து நிமிடமாவது' என்னும் வரம்பு நீக்கப்பட்டுள்ளது. வீட்டுவேலையும் உழைப்பும் நடையும் இயக்கமாகவே கணக்கில் கொள்ளப்படுகின்றன. கூடத்திற்குச் செல்ல இயலாதவரையும் இந்த 'நீ' உள்ளடக்குகிறது. அழகான உடல் எதையும் அது வாக்களிக்கவில்லை. அதனாலேயே அது பரவலாகப் படிக்கப்படாமலும் போகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். காட்சியும் விற்பனையும் இந்திய உடற்பயிற்சிப் பனுவலில் தொடக்கம் முதலே உள்ளன. நலத்திலிருந்து காட்சிக்கு என வரலாற்றை வரைவது பொருந்தாது. வலிமையிலிருந்து தோற்றத்திற்கும், திறனிலிருந்து இருப்புக்கும், ஆசானின் கண்ணிலிருந்து அளவின் எண்ணுக்கும், உணவின் பெயரிலிருந்து அதன் கூறுக்கும் நகர்வு நிகழ்ந்துள்ளது. மருந்தின் வருகை சான்றுடலின் நம்பகத்தை முறித்துவிட்டது. விளிக்கப்படாத உடல்கள், அதாவது உழைப்போர், பெண்கள், பசித்தோர் ஆகியோரின் உடல்கள், இவ்வெழுத்தின் எல்லையைக் காட்டி நிற்கின்றன.

இலக்கியத் திறனாய்வு இப்பனுவல்களைத் தன் எல்லைக்கு அப்பாற்பட்டவை எனக் கருதி வந்துள்ளது. ஆனால் புதினத்தையும் கவிதையையும்விட மிகுதியான இளைஞர்கள் இவற்றைப் படித்து, படித்தவாறே தம் உடலில் செய்து பார்க்கின்றனர். சொல்பவன் யார், எதை மறைக்கிறான், யாரை அழைக்கிறான், யாரை விடுகிறான் என வினவுவது திறனாய்வின் அன்றாட வேலை. ஒரு கவிதையைத் தவறாகப் படித்தால் மறுமுறை படித்துத் திருத்திக்கொள்ளலாம். உடலறிவுரையைத் தவறாகப் படித்தவனுக்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. அவ்வேலையை இப்பனுவல்களுக்கும் விரிப்பது தமிழாய்வின் கடமையாகிறது.